ரயன் என்ற பெயர்: கேட்டதும் சொன்னதும்

கே: மகனுக்கு ரயன் என்று வைத்திருக்கிறோம். ‘குட்டி ராஜா’ என்று அர்த்தமாமே?

ப: ரயன் என்பது முதலில் அயர்லாந்துக் குடும்பப்பெயர். திப்பரேரி, லிமெரிக் எல்லையில் ஓ மீல்ரீயன் என்றொரு குலம். கார்லோ பக்கம் ஓ ரீயன் என்று இன்னொன்று. இரண்டுக்கும் உறவில்லை. ‘ஓ’ என்றால் வழிவந்தவர், ‘மீல்’ என்றால் அடியார். ஆங்கிலத்தில் எழுதப்போய் இரண்டுமே ரயன் ஆகிவிட்டன. முதற்பெயராகப் பரவியது 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். 1970-இல் ‘லவ் ஸ்டோரி’யில் நடித்த ரயன் ஓநீலுக்கு அதில் பெரிய பங்கு. அவருடைய முழுப்பெயரோ சார்லஸ் பேட்ரிக் ரயன் ஓநீல்!

‘ரீ’ என்றால் அரசன், ‘ஆன்’ குறுமை விகுதி. அதை வைத்துத்தான் ‘குட்டி ராஜா’. அது ஊகம். நீர், கடல் என்னும் பொருளுள்ள பழஞ்சொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. பெயர்ப் புத்தகங்கள் ஊகத்தைத் தீர்ப்பாக அச்சடிப்பவை, ஜாக்கிரதை.

கே: எண் கணிதப்படி ஓர் எழுத்து கூட்டலாமா?

ப: ஜோதிடரைக் கேளுங்கள்.

கே: ரய்யானும் இதுவும் ஒன்றா?

ப: இல்லை. அது அரபு. நோன்பாளிகள் சொர்க்கத்துக்குள் நுழையும் வாசலின் பெயர்.

கே: கிருஷ்ணதேவராயர் என்கிறோமே, அந்த ராயன்தான் ரயன். தமிழிலிருந்து போனது!

ப: ‘ராயன்’ என்பதே ‘ராஜன்’ பிராகிருதம் வழியாகத் திரிந்து வந்தது. அது கிடக்கட்டும். ஐரிஷ் மொழியில் இந்தப் பெயர் ‘ரீயின்’ என்று ஒலிக்கும். ‘ரயன்’ என்னும் ஓசை ஆங்கில எழுத்துக்கூட்டலைப் படித்ததால் வந்தது. நீங்கள் ஒப்பிடும் ஓசை ஐரிஷ் மூலப்பெயரில் இல்லவே இல்லை.

கே: ‘ரீ’யும் ராஜாவும் உறவு என்று மொழியியலே சொல்கிறதே?

ப: சொல்கிறது. ஐரிஷ் ‘ரீ’, லத்தீன் ‘ரெக்ஸ்’, சமஸ்கிருத ‘ராஜன்’ மூன்றும் இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் கிளைகள். அதில் தமிழ் எங்கே வந்தது? தவிர, ரயனுக்குள் ‘ரீ’ இருப்பதே ஊகம் என்று மேலே சொன்னேன். ஊகத்தின் மேல் மாடி கட்டாதீர்கள்.

கே: பாண்டிய வணிகர் கப்பலில் போயிருக்கலாமே?

ப: ரோம் வரை மிளகு போனதற்குச் சான்று உண்டு. திப்பரேரிக்குப் பெயர் போனதற்கு ஒன்று காட்டுங்கள், பேசுவோம்.

கே: ரயன் என்றால் குட்டி ராஜாதானே சார்?

ப: முதல் பதில்.

கே: பெண்ணுக்கு வைக்கலாமா?

ப: அமெரிக்காவில் வைக்கிறார்கள்.

கே: கெவினும் ஐரிஷா?

ப: ஆம், கீவீன். கிளெண்டலாக் மடத்தை நிறுவிய துறவியின் பெயர். எண் கணிதம் கேட்காமலிருந்தால் விரிவாக எழுதுகிறேன்.