போனை அழித்துவிடலாமா?

கேள்வி (சுருக்கமாக): ராணுவ டாங்கிகள் ஏற்றிய சரக்கு ரயிலின் வீடியோ ஒன்று 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில், எனக்கு வந்தது. ஊரும் நேரமும் போட்டிருந்தது. எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன். யாரோ புகார் செய்து எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது. நோட்டீஸ் கொடுத்து, போனை வாங்கிக்கொண்டார்கள். ஸ்டேஷனில் என்னைத் தேசத்துரோகி என்றார்கள். நூறு பேர் அனுப்பியதற்கு நான் மட்டும் குற்றவாளியா? கருத்துச் சுதந்திரம் இல்லையா? கடைக்காக டூப்ளிகேட் சிம் வாங்கி வேறு போனில் வாட்ஸப் போட்டிருக்கிறேன். பழைய போனை கூகுள் மூலம் இங்கிருந்தே அழித்துவிடலாம் என்கிறார் மைத்துனர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்டேஷனில் பேசியது தப்புதான். ஆனால் அது உங்கள் வழக்கைத் தீர்மானிக்காது. நூறு பேர் அனுப்பினார்கள் என்பதும் பதில் ஆகாது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. உங்கள் மேல் போட்டிருப்பதோ, பொய்த் தகவல், வதந்தி பரப்புவதற்கான பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 353, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் வழக்கில் முக்கியமான கேள்வி இதுதான்: வீடியோவை எடுத்தது நீங்களா, வந்ததை அனுப்பியது மட்டும்தானா? எடுத்தவர் என்று சந்தேகம் வந்தால் 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் வரை போகும். அதன் 3-ஆவது பிரிவில், ராணுவம் சம்பந்தப்பட்டிருந்தால் 14 ஆண்டு வரை தண்டனை உண்டு. அனுப்பியவர் மட்டும் என்றால் வழக்கின் எடையே வேறு.

அதை நிரூபிக்கிற ஒரே சாட்சி, ஸ்டேஷனில் இருக்கும் அந்தப் போன். புகார்தாரர் கொடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும்; உங்களுக்கு அனுப்பியவர் பெயர் இருக்காது. ஆண்ட்ராய்டில் வாட்ஸப் வழியாக வந்த வீடியோவின் கோப்புப் பெயரிலேயே 'டபிள்யூ.ஏ.' என்ற எழுத்துகள் பொதுவாக இருக்கும். உங்கள் கேமராவில் எடுத்த வீடியோவுக்கு அது இருக்காது. யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்பதும் அந்தப் போனில்தான். அழித்தால் போலீசின் ஸ்கிரீன்ஷாட் அப்படியே இருக்கும், உங்கள் பாதுகாப்பு மட்டும் போய்விடும்.

மேலும், ஆதாரமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பதே பி.என்.எஸ். 241-இல் தனிக் குற்றம், 3 ஆண்டு வரை. என்னிடம் வந்த ஒருவர் இதே மாதிரி, போன் ஸ்டேஷனில் இருக்கும்போதே ரீசெட் செய்துவிட்டு, அதற்குப் பிறகு வக்கீலைத் தேடி வந்தார். முதல் வழக்கில் என்னிடம் நல்ல வாதம் இருந்தது. அழித்ததற்கு எதைச் சொல்ல? முன்ஜாமீன் மனுவில் அரசுத் தரப்பு முதலில் எடுத்ததே அதைத்தான். இந்த ஒரு காரியத்தால் சாதாரண ஆட்கள் மாட்டிக்கொள்வதைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை.

டூப்ளிகேட் சிம்மும் இப்போதைக்கு ஆபத்துதான். புது போனில் வாட்ஸப் போட்டதுமே பழைய போனில் லாக்-அவுட் ஆகிவிடும். விசாரணை அதிகாரிக்கு அது தடயத்தைக் கலைத்த மாதிரி தெரியும். எந்தத் தேதியில், எதற்காக வாங்கினீர்கள் என்று அவருக்கு நாளைக்கே எழுதிக் கொடுத்து, நகலில் ஸ்டேஷன் முத்திரை வாங்குங்கள். குழுவிலிருந்து விலகவும் வேண்டாம்.

போனைத் திறக்கும் பின் நம்பரை போலீசிடம் சொல்ல வேண்டுமா என்பதில் சட்டம் இன்னும் தெளிவாக இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு விதமாகவும், டெல்லி சி.பி.ஐ. நீதிமன்றம் 2022-இல் வேறு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. மின்னணுச் சாதனங்களைப் பறிமுதல் செய்வதற்கு நெறிமுறை வேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசிடம் சொன்னது. நாட்டின் பாதுகாப்பு, தனியுரிமை என்று பெரிய விவாதம் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். உங்கள் கடையை அடைத்துவிட்டு அந்த விவாதத்தை நீங்கள் நடத்த வேண்டாம். போனில் வேறு வில்லங்கம் ஏதும் இல்லையென்றால், மகஜரில் (போலீஸ் எழுதும் பறிமுதல் பட்டியலில்) ஹாஷ் மதிப்பு (போனில் உள்ளதை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் எண்) பதிவாகியிருக்கிறதா என்று வக்கீல் பார்த்த பிறகு, அவர் மூலமாகவே பின்னைக் கொடுங்கள். வேறு ஏதாவது இருந்தால் அதை வக்கீலிடம் முதலில் சொல்லுங்கள்.

353 சமரசத்தில் முடிகிற பிரிவு இல்லை. ஆனாலும் இறங்கிப் போவதே நல்லது. சரிபார்க்காமல் அனுப்பியதற்கு வருத்தம், இனி அனுப்பமாட்டேன் என்ற உறுதி, இரண்டையும் வக்கீல் வார்த்தையில் முன்ஜாமீன் மனுவோடு கொடுங்கள். போனைத் திரும்பக் கேட்டு இப்போதே மனு போட வேண்டாம், தடய அறிவியல் ஆய்வகம் நகல் எடுத்து முடிக்கட்டும்.

உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டு மைத்துனருக்குத் தெரியும் என்றால், அவரே போனை அழித்துவிடாதபடி இன்று ராத்திரிக்குள் அவரிடம் பேசிவிடுங்கள்.