வில்லாளிக்கு ஒரு தோல் பை: வாசகர் கேள்விகள்

வில் பயிற்சிக்கும் காட்டு நடைக்கும் ஏற்ற பையைக் கையாலேயே தைப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்து.

கேள்வி: முன்கைக் காப்பு, விரல் உறை, நாண் மெழுகு, உதிரி நாண், சிறு தண்ணீர்க் குப்பி, இவ்வளவும் கொள்ளும் பை தைக்க வேண்டும். எந்தத் தோல் வாங்கலாம்? எவ்வளவு தடிமன்?

பதில்: மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சாற்றில் பதனிட்ட மாட்டுத் தோலை வாங்குங்கள். அது நிமிர்ந்து நிற்கும். ஈரத்தில் வளைத்தால் வளைத்த வடிவிலேயே காயும். வெட்டிய விளிம்பை நனைத்து மரக்கட்டையால் தேய்த்தால் பளபளக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மழையை நன்றாகத் தாங்கும். ஆனால் பை துவண்டு தொங்கும், விளிம்பும் எத்தனை தேய்த்தாலும் பஞ்சாகவே இருக்கும்.

முன், பின் துண்டுகளுக்கு 2 முதல் 2.4 மி.மீ., இவ்விரண்டையும் பக்கங்களிலும் அடியிலும் இணைக்கும் பக்கப்பட்டைக்கு 1.4 முதல் 1.6 மி.மீ., வாருக்கு 3 முதல் 3.5 மி.மீ. தோலை அவுன்ஸ் கணக்கில் விற்றால், 1 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 0.4 மி.மீ. உறுதியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் 3 மி.மீ. தோலில் வெட்டுபவர்கள் உண்டு. அப்போது காலிப் பையே கனக்கும், மூலைகள் மடிய மறுக்கும். வாரை மட்டும் முதுகுப் பகுதியிலிருந்து, முதுகெலும்புக்கு இணையாக வெட்டுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் பாரம் ஏற ஏற நீண்டுகொண்டே போகும். அதை உள்ளறைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தோளில் குறுக்கே மாட்டும் பை தைத்தேன். எய்யும்போது நாண் வாரில் உரசி அம்பு விலகிப் போகிறது. வாரைக் குட்டையாக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வலக்கையால் நாண் இழுப்பவர் பையை வலது இடுப்பில் விட்டால், வார் இடது தோளில் ஏறி மார்பின் குறுக்கே கிடக்கும். விடுபட்ட நாண் ஓடுவதும் இடது மார்பையும் இடது முன்கையையும் ஒட்டித்தான். வார் எந்த நீளமானாலும் அந்த வழியில்தான் நிற்கும். அதனால் பையை இடுப்பு வாரில் தொங்கவிடுங்கள், வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால். இடக்கையால் இழுப்பவருக்கு எல்லாமே மறுபக்கம். நடைக்குத் தோள் வார் வேண்டுமென்றால் கொக்கி வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். பக்கிள் முதுகுப் பக்கம் வரட்டும்.

மூடிக்குக் காந்தப் பொத்தான் வேண்டாம். பக்கத்திலேயே திசைகாட்டி இருந்தால் முள்ளைத் திருப்பிவிடும். பித்தளைக் குமிழும், அதன் கழுத்தளவுத் துளையும், துளையிலிருந்து 5 மி.மீ. கீறலும் போதும். ஒற்றைக் கையால், சத்தமில்லாமல் திறக்கலாம்.

கேள்வி: பையோடு சேர்த்துத் தைத்த அம்பறாத்தூணியின் அடியை அம்பு முனைகள் துளைத்துவிட்டன. என்ன செய்வது?

பதில்: அடிக்கு 3 மி.மீ. தோல் இரண்டு மடிப்பு, அதன்மேல் 10 மி.மீ. கம்பளி ஃபெல்ட். ஃபெல்ட் ஈரத்தைப் பிடித்து வைத்து எஃகு முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே அடித்தோலில் 5 மி.மீ. வடிகால் துளை ஒன்று கட்டாயம். ஆழம் அம்பின் நீளத்தில் பாதிக்குச் சற்று மேல் இருக்கட்டும். குறைந்தால் குனியும்போது அம்புகள் சரிந்து கொட்டும். இவ்வளவும் பயிற்சி முனைகளுக்கு மட்டுமே. கூரான அகன்ற அலகுள்ள வேட்டை முனைகளைத் திறந்த தூணியில் ஒருபோதும் போடாதீர்கள். அவை கெட்டியான நுரைக்கட்டையில் செருகி நிற்க வேண்டும், மேலே உறையும் மூடியிருக்க வேண்டும்.

கேள்வி: பக்கப்பட்டையைத் தைத்து முடிக்கும்போது இரண்டு பக்கத் துளைகளும் பொருந்துவதில்லை. பை முறுக்கிக்கொள்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: இரண்டு இடங்களில் இருக்கலாம். முதலாவது அளவு. பெரும்பாலோர் துண்டின் வெளி விளிம்பை அளந்து பக்கப்பட்டையை வெட்டுகிறார்கள். அளக்க வேண்டியது தையல் கோட்டை. 26 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம், கீழ் மூலைகளில் 3 செ.மீ. ஆரம் உள்ள துண்டுக்கு, திறந்த மேல் பக்கம் நீங்கலாக, வெளி விளிம்பு சுமார் 63.4 செ.மீ. வரும். விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே ஓடும் தையல் கோடோ சுமார் 62.2 செ.மீ.தான். இந்த 12 மி.மீ. வித்தியாசம் மூன்று தையல்களுக்குச் சமம். பட்டையை 66 செ.மீ. வெட்டி, தைத்தபின் மேல் முனைகளை நறுக்கிக்கொள்ளுங்கள். மூலை ஆரம் 2.5 செ.மீ.க்குக் கீழே போனால் பட்டை சுருங்கி மடியும்.

இரண்டாவது, தொடங்கும் இடம். ஒரு மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு துளையிலும் சேரும் சிறு பிழை மறு மூலையில் மொத்தமாக வந்து நிற்கும். முதலில் முன் துண்டில் மட்டும் 4 மி.மீ. இடைவெளியில் துளையிட்டு எண்ணுங்கள். அதே எண்ணிக்கையைப் பட்டையில், அடியின் நடுவிலிருந்து இருபுறமும் குறியுங்கள். முன் துண்டின் துளைகளை ஒரு காகிதத்தில் படியெடுத்து, பின் துண்டுக்கும் அதையே மாதிரியாக வையுங்கள். தையலும் அடியின் நடுவிலிருந்துதான்.

நூல் 0.8 மி.மீ. மெழுகு பூசிய லினன் அல்லது பாலியஸ்டர், நீளம் தையலைப் போல் நான்கு மடங்கு. ஒரு பாதிக்கு 31 செ.மீ. என்பதால் 1.3 மீட்டர், கையில் பிடித்து இழுக்கச் சற்றுக் கூடுதல். இரு முனையிலும் ஊசி கோத்து ஒரே துளையில் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்துங்கள். எந்த ஊசி முதலில் நுழைகிறதோ அதே ஊசி எல்லாத் துளைகளிலும் முதலில் நுழைய வேண்டும். மாறினால் சாய்வு மாறி வரிசை கோணும். இரண்டாம் ஊசி முதல் நூலைக் குத்தாதபடி அந்த நூலைச் சற்று இழுத்துப் பிடியுங்கள். இந்தத் தையலில் ஒரு கண் அறுந்தாலும் மற்றவை பிரியாது. இயந்திரத் தையலைவிட இதை நான் பரிந்துரைப்பது அதனால்தான்.

வார் சேரும் இடத்தில் மட்டும், வாரின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஒரே வரியாகத் தைக்காதீர்கள். தபால்தலைத் துளைகளைப் போல அந்த வரியிலேயே கிழியும். உள்ளே ஒட்டுத் தோல் வைத்து, இழுவிசைப் பக்கமாக நீளும் இரு வரிகளும் இரண்டு செப்பு ரிவெட்டுகளும் கொடுங்கள்.

கேள்வி: ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புக் கறை. மழையில் நனைந்த பையைத் தீயருகே காயவைத்ததில் மூடி சுருங்கிக் கட்டை போலானது. மீட்க முடியுமா?

பதில்: கறை, இரும்பும் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்ததால் வந்தது. முற்காலத்தில் மை செய்ததும் இந்தச் சேர்க்கையால்தான். புதிய கறை எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் மங்கும். ரிவெட்டைப் பித்தளைக்கோ துருப்பிடிக்காத எஃகுக்கோ மாற்றாவிட்டால் திரும்ப வரும்.

மூடியை மீட்க முடியாது. ஈரமான துவர்ப்புத் தோல் 70 டிகிரி செல்சியஸையொட்டிய சூட்டில் சுருங்கிவிடும். எண்ணெய் எவ்வளவு விட்டாலும் பழைய நீளம் வராது. அந்தத் துண்டைப் பிரித்துப் புதிதாக வெட்டித் தையுங்கள், பழைய துளைகளையே மாதிரியாக வைத்து. இனி நனைந்தால் உள்ளே காகிதம் திணித்து நிழலில், காற்றோட்டத்தில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். லேசான ஈரம் மிச்சமிருக்கும்போதே மாட்டுக்கால் எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரே ஒரு மெல்லிய பூச்சு. அதற்கு மேல் பூசினால் தோல் தொய்ந்துவிடும்.