முதல் முடிச்சு: குரோஷே கேள்வி-பதில்

கேள்வி: குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் கலை, பழகத் தொடங்கியிருக்கிறேன். முதல் முடிச்சிலேயே நின்றுவிட்டேன். சில நேரம் முடிச்சு இறுகிக்கொண்டு அசைய மறுக்கிறது. சில நேரம் ஊசியில் மாட்டும்போதே அவிழ்ந்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டும் வெவ்வேறு தவறுகள். இந்த முதல் முடிச்சுக்குச் சுருக்கு முடிச்சு என்று பெயர். முதலில் சரியான முறையைப் பார்ப்போம். வழுவழுப்பான, வெளிர் நிறமுள்ள, நடுத்தரத் தடிமன் நூலும் 5 மி.மீ. ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நூலும் ரோமம் நிறைந்த நூலும் இப்போதைக்கு வேண்டாம். எந்த இழை எதன் மேல் போகிறது என்பதே தெரியாது.

வெட்டிய முனையில் சுமார் 15 செ.மீ. விட்டுவிடுங்கள். இதை வால் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் நூலை ஒரு வளையமாகப் போடுங்கள். இரண்டு இழைகளும் குறுக்கிடும் இடத்தில், கண்டிலிருந்து வரும் நூல் வாலின் மேலே இருக்க வேண்டும். இனி அதே கண்டு நூலை மடக்கி, வளையத்தின் அடியில் குறுக்காக வையுங்கள். மேலிருந்து பார்த்தால் வளையத்தின் நடுவே ஒரு கோடு ஓடுவதுபோல் தெரியும். ஊசியை வளையத்துக்குள் விட்டு, அந்தக் கோட்டை மட்டும் கொக்கியில் மாட்டி மேலே இழுங்கள். ஊசியில் ஒரு கண்ணி விழும். வாலைப் பிடித்து இழுத்தால் முடிச்சு இறுகும். கண்டு நூலை இழுத்தால் கண்ணி சிறியதாகும்.

குறுக்கிடும் இடத்தில் கண்டு நூல் வாலுக்கு அடியில் போய்விட்டால் முடிச்சே விழாது, இழுத்ததும் பிரிந்துவிடும். அசைய மறுக்கும் முடிச்சுக்குக் காரணம் வேறு: நூலை மடிப்பாக இழுக்காமல், வால் முனை முழுவதையும் வளையத்துக்குள் நுழைத்து வெளியே எடுத்திருப்பீர்கள். அது சாதாரண முடிச்சு, சுருங்கி விரியாது.

சந்தேகம் வந்தால் ஊசியை உருவிவிட்டு இரு முனைகளையும் இழுத்துப் பாருங்கள். முடிச்சு தடயமில்லாமல் மறைந்தால் நீங்கள் போட்டது சரியான சுருக்கு முடிச்சு.

கேள்வி: எனக்குச் சில முறை வாலை இழுத்தால்தான் கண்ணி சுருங்குகிறது. இதுவும் சரியா?

பதில்: சரிதான். சொல்லப்போனால் சில வேலைகளுக்கு அதுவே மேல். எந்த நூலை மடிப்பாக உள்ளே இழுத்தீர்களோ, அந்த நூல்தான் ஓடும். கண்டு நூலை இழுத்திருந்தால் கண்டுப் பக்கம் ஓடும். வாலை இழுத்திருந்தால் வால் பக்கம் ஓடும்.

இதனால் என்ன வித்தியாசம்? முதல் செயின் (சங்கிலித் தையல்) போடும்போது கவனியுங்கள். புது நூலை முடிச்சின் கண்ணி வழியாக இழுக்கிறீர்கள். ஊசியிலிருந்து இறங்கிய அந்தப் பழைய கண்ணிதான் முதல் செயினின் ‘வி’ வடிவமாக நிற்கிறது. ஆக, வால் ஓடும் முடிச்சாக இருந்தால் முதல் செயினின் அளவைப் பிறகும் மாற்றலாம். வட்டமாகப் பின்னும்போது இது பெரிய வசதி: 2 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினுக்குள் 6 சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படைத் தையல்) போட்டபின் வாலை இழுத்தால் நடுத்துளை மூடிக்கொள்ளும். மேஜிக் ரிங் (இழுத்தால் சுருங்கும் நூல் வளையத்தில் வட்டத்தைத் தொடங்கும் முறை) கைக்கு வராதவர்கள் தாராளமாக இப்படித் தொடங்கலாம். நேர் வரிசையாகப் பின்னும் துண்டுக்கு இரண்டில் எதுவானாலும் போதும்.

கேள்வி: செயின் எண்ணும்போது முடிச்சையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். முடிச்சும் கணக்கில்லை, ஊசியின் மேல் இருக்கும் கண்ணியும் கணக்கில்லை. இடையில் வரிசையாகத் தெரியும் ‘வி’களை மட்டும் எண்ணுங்கள். ஒன்று கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

கேள்வி: அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது முதல் செயினுக்குள் ஊசி நுழையவில்லை.

பதில்: கண்ணியை ஊசியின் கழுத்தில் வைத்து இறுக்கியிருப்பீர்கள். கொக்கிக்குக் கீழே குறுகும் அந்தப் பகுதி அளவு பார்க்கும் இடமல்ல. கண்ணியை ஊசியின் உருண்டைத் தண்டுக்குத் தள்ளி, அங்கே லேசாகத் தொடும் அளவுக்கு இறுக்குங்கள். விரலால் தள்ளினால் தடையின்றி நகர வேண்டும். அப்படியும் செயின் இறுகினால் அடிச்செயினை (தொடக்கத்தில் போடும் செயின் வரிசையை) மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியில் போட்டுவிட்டு, பிறகு பழைய ஊசிக்கு மாறுங்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும் வாலை முடிச்சோடு ஒட்ட வெட்டிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சுருக்கு முடிச்சு அவிழக்கூடியது என்பதை மறந்துவிடாதீர்கள். பெரிய காதுள்ள மழுங்கிய தையல் ஊசியில் வாலைக் கோத்து, தையல்களின் உள்ளே ஒரு திசையில் சில செ.மீ. ஓட்டி, திரும்ப எதிர்த்திசையிலும் ஓட்டியபின் வெட்டுங்கள். பளபளப்பான, வழுக்கும் நூலென்றால் மூன்றாவது முறையும் ஓட்டுங்கள். அந்த வாலாலேயே ஓரம் தைக்கப்போகிறீர்கள் என்றால், 15 செ.மீ. போதாது, தொடக்கத்திலேயே 40 செ.மீ. விட்டுக்கொள்ளுங்கள்.