பல் மருத்துவம் முடித்த மகள் எம்.பி.எச். படிக்கப் போகிறேன் என்கிறாள்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

வணக்கம். தேனியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து வருடம் பி.டி.எஸ். படிக்க வைத்தாயிற்று. கிளினிக் வைப்பதற்காகக் கீழ் வீட்டை வாடகைக்கு விடாமல் வைத்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் மகள் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பில் ‘ஹெல்த் பிஹேவியர் அண்ட் ஹெல்த் பிரமோஷன்’ (உடல்நலம் சார்ந்த நடத்தையும் நலமேம்பாடும்) என்று ஒரு பிரிவின் பெயரைச் சொல்கிறாள், அமெரிக்காவில் இடமும் வாங்கிவிட்டாள். “கையைக் கழுவு, பீடி குடிக்காதே என்று சொல்வதற்கு ஒரு முதுகலைப் பட்டமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கடன், விசா எல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்து, பிறகு இந்தத் துறையில் சேர்ந்த ஒரு பெண் தன் களப்பணி நாட்களைப் பற்றிச் சொன்னது இது. ஒரு கிராமத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிய கணக்கு ஒரு மாதம்கூட விடுபடவில்லை. ஆனால் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. இவள் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மாத்திரைப் பேச்சையே எடுக்காமல் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசியிருக்கிறாள். பிறகு அந்தப் பெண்ணே உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து திறந்து காட்டினாளாம். உள்ளே அட்டை அட்டையாகச் சிவப்பு மாத்திரை, பிரிக்கப்படாமல்.

அவளுக்கு மாத்திரையின் அருமை தெரியாமல் இல்லை. ரத்தம் ஊறத்தான் கொடுக்கிறார்கள் என்று அவளே சொன்னாள். ஆனால் காலையில் போட்டால் குமட்டுகிறது. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று மாமியார் வேறு சொல்லிவிட்டார். மாத்திரை வேண்டாம் என்று நர்ஸம்மாவிடம் சொன்னால் திட்டு விழும். அதனால் வாங்கி வாங்கி டப்பாவில் போட்டுவிட்டாள்.

நம் மாணவி செய்தது சின்ன விஷயம்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னாள். கூடவே டீ, காபி வேண்டாம், அவை இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும் என்றாள். கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை என்பதை மருமகளிடம் சொல்லாமல், மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்து அவரிடம் சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து மாமியாரே மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாராம். அறிவுரை மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தால் டப்பாவில் இன்னும் ஒரு அட்டை சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. மாத்திரை இலவசம், வீட்டுக்கு அருகிலேயே கிடைக்கிறது, அப்படியும் இந்த நிலை. மாத்திரைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் படிப்பதுதான் உங்கள் மகள் சொல்லும் துறை.

இந்தத் துறை பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். இலவசம். ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அரசின் பொதுச் சுகாதாரத் துறையில் இருந்த உளவியலாளர்கள் ஆராயப் போனார்கள். அதிலிருந்து வந்ததுதான் இன்றைக்கும் முதல் பருவத்திலேயே சொல்லித்தரப்படும் ‘ஹெல்த் பிலீஃப் மாடல்’. இந்த நோய் எனக்கு வருமா, வந்தால் பெரிதாகப் பாதிக்குமா, இதைச் செய்வதால் பலன் உண்டா, செய்ய முடியாமல் தடுப்பது எது என்று மனிதர் மனதுக்குள் ஓடும் கணக்கைப் பிரித்துப் பார்க்கும் முறை அது. உங்கள் வயதுக்காரர்களுக்கு ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற சுவர் விளம்பரம் நினைவிருக்கும். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. ‘எனக்கெல்லாம் வராது’ என்று இருந்தவர்களை ‘வருமோ?’ என்று ஒரு நிமிடம் யோசிக்க வைத்தது அந்தக் கேள்வி. அப்படி ஒரு வரியை எழுதுவதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை இந்தப் படிப்பில் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படிக்க வருபவர்களே இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்லாவற்றையும் தனி மனிதரின் தலையில் கட்டும் படிப்பு இல்லை இது. 1986இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய மாநாட்டின் சாசனம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டம், சுற்றுப்புறம், சமூகத்தின் கூட்டுமுயற்சி எல்லாம் மாறினால்தான் நலம் வளரும். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் வாசலில் இருக்கும் பெட்டிக்கடையில் நடைமுறைக்கு வராதவரை, உள்ளே வகுப்பில் எத்தனை விழிப்புணர்வுப் பாட்டுப் பாடினாலும் போதாது. பாட்டு, கடை இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் இந்தத் துறைக்கு வேண்டும்.

சரி, பல் மருத்துவர் ஏன் இதற்குப் போக வேண்டும்? உங்கள் மகளின் விண்ணப்பக் கட்டுரையை நீங்கள் இணைத்திருந்தீர்கள். பயிற்சிக் காலத்தில் வெற்றிலை-புகையிலை போடும் ஒரு பாட்டியின் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டைப் பார்த்ததையும், அவர் மூன்று முறை வந்தும் பழக்கத்தை விட முடியாமல் போனதையும் எழுதியிருக்கிறாள். இந்தியாவில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்றது 2016-17 கணக்கெடுப்பு. வாயைத் திறந்து முதலில் பார்ப்பவர் பல் மருத்துவர். அந்தப் பாட்டியை அவளால் மறக்க முடியவில்லை என்பது எனக்கு அந்தக் கட்டுரையில் தெரிந்தது. கிளினிக் போட்டியைப் பார்த்துப் பயந்து ஓடிவரும் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள், அவர்களை நான் இந்தப் பக்கம் அனுப்புவதில்லை. உங்கள் மகள் அந்த வகை இல்லை.

இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கசப்பான விஷயம். எம்.பி.எச். முடித்தால் நம் மாநிலத்தில் மாவட்ட சுகாதார அலுவலர், மாநகர நல அலுவலர் போன்ற பதவிகளுக்கு வந்துவிடலாம் என்று சில கல்லூரி முகவர்கள் சொல்கிறார்கள். வர முடியாது. அவற்றுக்கு எம்.பி.பி.எஸ். அடிப்படை. பல் மருத்துவருக்கும் செவிலியருக்கும் உளவியல் பட்டதாரிக்கும் அந்தக் கதவு எம்.பி.எச். படித்தாலும் திறக்காது. இவர்களுக்கு வேலை கிடைப்பது தேசிய சுகாதாரத் திட்டத்தின் பிரிவுகள், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள், யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் திட்டங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், பெரிய மருத்துவமனைகளின் சமூக நலப் பிரிவுகள் ஆகிய இடங்களில். முதல் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். அரசுத் திட்டங்களில் 11 மாத ஒப்பந்தம், பிறகு புதுப்பிப்பு. இரண்டு மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகுதான் கால் ஊன்றும். வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

நம்பிக்கை தரும் மாற்றங்களும் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டம் தன் தொழில் பட்டியலில் சுகாதாரக் கல்வியாளர்களையும் சேர்த்திருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையும் பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடாமல் பார்ப்பது யார் வேலை? ஆள் தேவை இருக்கிறது. அதற்கேற்ற பதவிகள் மெதுவாகத்தான் உருவாகின்றன.

எங்கே படிப்பது என்பதற்கு வருவோம். இந்தியாவில் எம்.பி.எச். நிறைய இடங்களில் இருக்கிறது. ஆனால் நலமேம்பாட்டையே தனிப்பிரிவாக வைத்திருக்கும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் அது ஒன்றிரண்டு தாள்களாகத்தான் இருக்கும். அதனால் கல்லூரியின் பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள். சமூக-நடத்தை அறிவியல், நேர்காணல் வழி ஆய்வு முறைகள், திட்டமிடலும் மதிப்பீடும், சுகாதாரத் தொடர்பியல் ஆகியவை இருக்கின்றனவா, புள்ளியியல் ஒழுங்காகச் சொல்லித்தருகிறார்களா, களப்பணி எத்தனை வாரம், எங்கே? களப்பணி வெறும் இரண்டு வார ‘விசிட்’ என்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம். இதில் நான் கொஞ்சம் கறாரான ஆள். திண்ணையில் உட்காராமல் இந்தத் தொழில் வராது.

சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய எபிடெமியாலஜி (நோய்ப்பரவலியல்) நிறுவனத்தின் எம்.பி.எச். நோய்ப்பரவல் ஆய்வு, சுகாதாரக் கட்டமைப்பு பக்கம் சாயும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997இலிருந்து எம்.பி.எச். நடத்துகிறது, ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இடம். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் சமூகப் பார்வையில் வலுவானது. புதுச்சேரி ஜிப்மரிலும் எம்.பி.எச். உண்டு. அப்புறம், உங்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராமக் கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம் சுகாதார மேம்பாடு மற்றும் கல்விக்கு ஒரு முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. 1964இல் தொடங்கிய நிறுவனம், கிராமத்துக்குள்ளேயே இருந்து சொல்லித்தரும் மரபு உடையது. இந்தத் துறை தனக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க நினைக்கும் பிள்ளைக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கக் கனவில் இருப்பவர்கள் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அமெரிக்கப் படிப்பின் தரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. மிச்சிகன், வட கரோலைனா, எமரி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் நடத்தை அறிவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. பிரச்சினை படிப்புக்குப் பிறகு வருவது. படித்து முடித்தவுடன் அங்கே வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி பொதுவாக 12 மாதம். அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். எபிடெமியாலஜியும் உயிரிப் புள்ளியியலும் அந்தப் பட்டியலில் உள்ளன. நலமேம்பாடு, சுகாதாரக் கல்வி என்ற பெயரில் வரும் படிப்புகள் பல இடங்களில் அதில் வராது. ஒவ்வொரு படிப்புக்கும் சிஐபி கோட் என்று ஆறு இலக்க எண் ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் இது முடிவாகும். ஒரே எம்.பி.எச்., ஒரே பல்கலைக்கழகம், ஆனால் பிரிவு மாறினால் ஒரு வருடமா மூன்று வருடமா என்பதே மாறிவிடும். கடன் கட்டும் கணக்கு முழுக்க இதில் நிற்கிறது.

வேலைச் சந்தையும் இப்போது நல்ல நிலையில் இல்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் நடந்த ஆட்குறைப்பு, உங்கள் மகள் விரும்பும் புகையிலைத் தடுப்புப் பிரிவையே கடுமையாகத் தாக்கியது. உலகெங்கும் சுகாதாரத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த அமெரிக்க அரசு அமைப்பான யுஎஸ்எய்ட் அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதியோடு தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்திவிட்டது. அனுபவம் உள்ளவர்களே வேலை தேடி நிற்கும் இடத்துக்கு, அனுபவம் இல்லாத பிள்ளையை வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. உதவித்தொகை கட்டணத்தின் பெரும்பகுதியை ஏற்றால் அப்போது பேச்சே வேறு.

என் யோசனை இதுதான். கிடைத்த இடத்தை விட்டுவிட வேண்டாம். சேர்க்கையை ஒரு வருடம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள், பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கும். அந்த ஒரு வருடத்தில் மகள் களத்தில் வேலை பார்க்கட்டும். புகையிலை நிறுத்த ஆலோசனை மையமோ, ஏதாவது ஆராய்ச்சித் திட்டத்தின் களப்பணியாளர் வேலையோ, சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பல் மருத்துவப் பதிவை உயிரோடு வைத்திருக்கட்டும், மாலையில் யாராவது ஒரு மூத்த மருத்துவரின் கிளினிக்கில் உட்காரலாம். கீழ் வீட்டை இந்த ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விட்டுவிடுங்கள். அது காலியாக இருப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சு வளர்கிறது என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

இந்த வாரம் மகள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். படிப்பின் சிஐபி கோட் என்ன, சென்ற ஆண்டு முடித்த வெளிநாட்டு மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள், சேர்க்கையைத் தள்ளி வைத்தாலும் உதவித்தொகை அப்படியே கிடைக்குமா என்று கேட்கட்டும். பதில் வந்ததும் சொல்லுங்கள். மூன்று பேரும் வாருங்கள், அவளுடைய அப்பாவையும் அழைத்து வாருங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர், அவரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.