பதில்: லிபெதெனைட்டா, மலக்கைட்டா?

வணக்கம். லிபெதெனைட் (ஒரு செம்புக் கனிமம்) என்ற சீட்டோடு வாங்கிய கரும்பச்சைப் படிகங்களின் கடினத்தன்மை மோஸ் கீறல் அளவுகோலில் ஏறத்தாழ 4 என்று வந்ததால், அது மலக்கைட் என்னும் வேறொரு பச்சைச் செம்புக் கனிமமாக இருக்குமோ என்று ஐயப்படுகிறீர்கள். லிபெதெனைட்டின் கடினத்தன்மை 4, மலக்கைட்டின் கடினத்தன்மை 3.5 முதல் 4 வரை என்பதால், கீறிப் பார்ப்பது இங்கே தீர்ப்புச் சொல்லாது.

கல்லின் அடிப்பக்கத்திலிருந்து கடுகளவு துணுக்கை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டு, உருப்பெருக்கியால் பாருங்கள். மலக்கைட் கார்பனேட் ஆகையால் நுரைத்துப் பொங்கும்; லிபெதெனைட் பாஸ்பேட் ஆகையால் சத்தமின்றிக் கரையும். ஆனால் இரண்டும் ஒரே கல்லில் சேர்ந்து வளர்வதுண்டு என்பதால், படிகத்தை மட்டுமே சோதியுங்கள்.

நுரை வராவிட்டால் சூடோமலக்கைட் என்னும் மற்றொரு செம்புப் பாஸ்பேட்டையும் விலக்க வேண்டும். அது பெரும்பாலும் திராட்சைக் கொத்துப்போல் உருண்டு திரளும். லிபெதெனைட்டோ, நீங்கள் விவரித்ததைப் போல, கண்ணாடிப் பளபளப்புள்ள குட்டையான எண்முகி போன்ற படிகங்களாக அமரும்.

1823இல் ஜெர்மன் கனிமவியலாளர் பிரைட்ஹாப்ட், இன்றைய ஸ்லோவாக்கியாவின் லூபியெடோவா ஊரின் ஜெர்மன் பெயரான லிபெதென் என்பதைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். இரண்டு செம்பு அணுக்களுக்கு ஒரு பாஸ்பேட்டும் ஒரு ஹைட்ராக்சிலும் கொண்ட இது, நீர் மூலக்கூறு இல்லாத பாஸ்பேட்டுகளின் வரிசையில் சேர்கிறது. நீலப்பச்சை நிற டர்க்காய்ஸ் நீருள்ள வரிசையைச் சேர்ந்தது.

உண்மையான சிக்கல் ஒலிவெனைட்தான். பாஸ்பரஸின் இடத்தில் ஆர்செனிக் அமர்ந்த அந்தக் கனிமத்தைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். வேதிப் பகுப்பாய்வு தேவைப்படும். ஆர்செனிக்கைக் காட்டும் பூண்டு மணம் வருகிறதா என்று வீட்டில் சூடாக்கிப் பார்க்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு.