மாடிப்படியில் மாதா – கடிதம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை சென்னையில். கத்தோலிக்கக் குடும்பம். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பத்து வருடமாகிறது. எட்டு வயது மகள் புதுநன்மைக்காக, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்காக, மறைக்கல்வி வகுப்புக்குப் போகிறாள். அங்கே, போர்த்துகலில் மாதாவைப் பார்த்ததாகச் சொன்ன பாத்திமா சிறுவர்களின் கதையைப் படமாகக் காட்டியிருக்கிறார்கள். போன மாதம் ஒருநாள் நானும் மனைவியும் ஆபீஸிலிருந்து வர எட்டரை ஆகிவிட்டது. வாசலிலேயே நின்றிருந்தவள், மாடிப்படியில் மாதாவைப் பார்த்ததாகச் சொன்னாள். ஊரிலிருக்கும் அம்மாவுக்கும் போனில் சொல்லிவிட்டாள். அம்மா பங்குச்சாமியார் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் மூன்று நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை அவளை விசாரித்துப் போனில் பதிவு செய்தேன். ஒரு தடவை நீலச் சேலை என்கிறாள், இன்னொரு தடவை வெள்ளை என்கிறாள். மாதா என்ன பேசினார் என்றால், ‘சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க’ என்கிறாள்! மற்றபடி நன்றாக விளையாடுகிறாள், படிக்கிறாள். இது மனப்பிரமைதானே? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? சின்னப் பிள்ளைகள் சொன்னதை வைத்துத் திருச்சபை எப்படிக் கோயில் கட்டுகிறது?

எம்.

அன்புள்ள எம்.,

முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ‘தானே?’ என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை. ஆனால் இரண்டு வாரமாக ஒரு சொல் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

சில்லறைகளை முதலில் தள்ளிவிடுகிறேன். விளையாடுகிற, படிக்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு சாயங்காலத்தை வைத்து நோய்ப்பெயர் தேடாதீர்கள். திருச்சபை விஷயம்: லூர்து, பாத்திமா உட்பட எந்தக் காட்சியையும் நம்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கத்தோலிக்கருக்குக் கிடையாது. அவை தனி வெளிப்பாடுகள். விசுவாசத்துக்கு உதவினால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2024இல் வத்திக்கான் வெளியிட்ட புதிய நெறிமுறைப்படி, ‘இது இறைவனின் செயலே’ என்று அறிவிப்பது இனி வழக்கமாக இருக்காது. ‘தடையில்லை’ என்பதோடு ஆயர்கள் நிறுத்திக்கொள்வார்கள். உங்களைவிட ரோமாபுரி நிதானமாக இருக்கிறது.

இனி அந்தப் பதிவு. எட்டு வயதுப் பிள்ளையை மூன்று நாளுக்கு ஒருமுறை கூப்பிட்டு உட்கார வைத்து, முன்னால் போனை நிறுத்தி, நீலமா வெள்ளையா என்று கேட்பதற்கு எங்கே படித்தீர்கள்? இது அப்பா செய்கிற வேலையா, போலீஸ் செய்கிற வேலையா?

போலீஸ் செய்த வேலைதான். 1858 பிப்ரவரி 21 அன்று பிரான்ஸின் லூர்து நகரத்து போலீஸ் கமிஷனர் ழாக்கோமே, பெர்னதெத் என்ற பெண்ணை உட்கார வைத்து விசாரித்தார். அவளுக்குப் பதினான்கு வயது. ஆஸ்துமா, எழுதப்படிக்கத் தெரியாது. அப்பா நொடித்துப்போன மாவுமில்காரர். ஆறு பேர் குடும்பம் ஒரே அறையில் கிடந்தது. அந்த அறை முன்பு சிறையாக இருந்தது. பத்து நாளுக்கு முன் விறகு பொறுக்கப் போன இடத்தில், பாறைக் குகையில் ஒன்றைப் பார்த்தேன் என்று அவள் சொல்லியிருந்தாள். நம் ஊர்க் கோயில் வளாகங்களில் மாதா கெபி என்று கட்டி வைத்திருக்கிறோமே, எல்லாம் அந்தக் குகையின் நகல்கள்தான்.

கமிஷனர் கெட்டிக்காரர். அவள் சொன்னதை எழுதிக்கொண்டு, வேண்டுமென்றே மாற்றிப் படித்துக் காட்டினார். கன்னிமரி சிரித்தாள் என்று படித்தால், நான் கன்னிமரி என்று சொல்லவே இல்லை என்கிறாள். ஐயா, நீங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள் என்கிறாள். கடைசிவரை அவளை மடக்க முடியவில்லை.

சரி, அவள் என்னதான் சொன்னாள்? ‘அக்கெரோ’ என்றாள். என் மண்டைக்குள் சுற்றும் சொல் அதுதான். அந்தப் பக்கத்துக் கிராம மொழியில் அதற்கு ‘அது’ என்று பொருள். இதைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விளக்கத்தான் சிரமம். நமக்கு எதற்கு விளக்கம்? தொட்டிலில் கிடப்பதைப் பார்த்து ‘அது தூங்கட்டும்’ என்போம். அதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? ஊருக்குள் ஆளுக்கொரு பெயர் வைத்தாயிற்று. மாதா என்றார்கள் சிலர், செத்துப்போன ஒரு பெண்ணின் ஆவி என்றார்கள் சிலர். பார்த்தவள் மட்டும் ‘அது’ என்பதைத் தாண்டவில்லை. மார்ச் 25 அன்று ‘நானே அமல உற்பவம்’ என்ற பதில் கிடைத்தபோதும், பொருள் தெரியாததால் மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே பங்குத்தந்தை வீட்டுக்கு ஓடினாள். மரியா ஜென்மப்பாவம் இல்லாமல் கருவானவர் என்ற அந்தக் கோட்பாட்டை நான்கு வருடம் முன்பே போப் அறிவித்துவிட்டாரே, யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்பீர்கள். படிக்காதவளுக்கு எப்படித் தெரியும் என்பார்கள் உங்கள் அம்மா. இந்தப் பட்டிமன்றத்தை நீங்கள் இருவரும் நடத்துங்கள். நான் வரவில்லை.

1864இல் ஃபபீஷ் என்ற சிற்பி பளிங்கில் மாதா சிலை செய்து குகையில் நிறுத்தினார். பெர்னதெத் பார்த்தாள். அழகாக இருக்கிறது, ஆனால் அது இல்லை என்றாள். அவள் பார்த்தது அவள் உயரமே உள்ள ஒரு சின்னப் பெண்ணை. பெரியவர்களுக்குப் பெரிய மாதா வேண்டியிருந்தது.

எனக்கு இந்தத் திராணி இருந்ததில்லை. ஒன்பது வயதில் ஆச்சி வீட்டுத் தோட்டத்தில் இருட்டுகிற நேரம் ஒரு அலுங்கைப் பார்த்தேன். எறும்புதின்னி என்று புத்தகத்தில் போடுவார்களே, அது. அப்போது எனக்கு அந்தப் பெயரும் தெரியாது, இந்தப் பெயரும் தெரியாது. உடம்பெல்லாம் ஓடு ஓடாக இருந்தது என்று போய்ச் சொன்னேன். சித்தப்பா ஆரம்பித்தார். ஓடா, செதிலா? செதில் மீனுக்கல்லவா இருக்கும்? வால் எவ்வளவு நீளம்? இப்போது கையை அகட்டிக் காட்டினாய், முன்னால் இவ்வளவுதானே காட்டினாய்? திண்ணையில் சிரிப்பு. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ‘கீரிப்பிள்ளையாத்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் நிம்மதி. சித்தப்பா தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தத் தடவல் இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது, நம்புங்கள். அலுங்கை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

உங்களுக்கு ஆதரவான கதை ஒன்றும் தருகிறேன். 1876இல் ஜெர்மனியின் மார்ப்பிங்கன் கிராமத்தில் மூன்று சிறுமிகள், உங்கள் மகள் வயதுதான், காட்டில் பழம் பறிக்கப் போய் வெள்ளையாக ஒரு உருவத்தைப் பார்த்தோம் என்றார்கள். திரும்பவும் போங்கள், யாரென்று கேளுங்கள், அமல உற்பவி என்று சொன்னால் மாதாதான் என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகள் போய் அதே பதிலோடு வந்தன. வராதா பின்னே? ஜனம் ஆயிரக்கணக்கில் திரண்டது, பிஸ்மார்க் அரசாங்கம் ராணுவத்தையே அனுப்பியது. அந்த மூவரில் ஒருத்தி வளர்ந்து மடத்தில் சேர்ந்தபின் 1889இல் எல்லாம் பொய் என்று எழுதிக் கொடுத்தாள். பொய்தான். ஆனால் வினாத்தாளையும் விடையையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தது யார்? நீலமா வெள்ளையா என்று நீங்கள் கேட்டீர்களே. நிறத்தைப் பற்றி அவள் தானாக வாயைத் திறந்தாளா?

மறைக்கல்வி வகுப்புக்காரர்களையும் நான் விடப்போவதில்லை. பாத்திமா படத்தில் சூரியன் சுழன்றதைக் காட்டியிருப்பார்கள். 1917 ஆகஸ்டில் உள்ளூர் நிர்வாக அதிகாரி மூன்று பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டுபோய், கொதிக்கும் எண்ணெயில் போடுவேன் என்று மிரட்டியதைச் சொன்னார்களா? பொய் என்று ஒப்புக்கொள் என்று மூவரில் ஒருத்தியான லூசியாவை அவள் அம்மாவே துடைப்பக்கட்டையால் அடித்ததை? இன்னொருத்தி ஜசிந்தா பத்து வயது நிறையாமல் 1920இல் லிஸ்பன் ஆஸ்பத்திரியில் வீட்டார் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் செத்துப்போனதை? இந்த விஷயத்தில் நம் வேளாங்கண்ணிப் பையன்கள் பாக்கியசாலிகள். பால் கொண்டுபோனவனையும் மோர் விற்ற கால் ஊனமுற்றவனையும் ஐதீகம் ஓடவிட்டுவிட்டது. யாரும் உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்ததாகக் கதையில் இல்லை.

திரும்ப லூர்துக்கு வருகிறேன். பிப்ரவரி 18. ஊரின் பணக்கார அம்மாள் ஒருவர் பெர்னதெத் கையில் காகிதமும் பேனாவும் மையும் கொடுத்து, பெயரை எழுதி வாங்கச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்து போன் பதிவு! அவள் நீட்டினாள். அது சிரித்தது, அதெல்லாம் தேவையில்லை என்றது. பிறகு, பதினைந்து நாள் இங்கே வர எனக்கு தயவு செய்வீர்களா என்று கேட்டது. ‘செய்வாயா’ இல்லை, ‘செய்வீர்களா’. அவள் பேசும் அதே கிராம மொழியில். பெர்னதெத் வாழ்நாளெல்லாம் ஆச்சரியப்பட்டது இதற்குத்தான். பழைய சிறையறையில் கிடந்த அந்த நோஞ்சான் பெண்ணை அதுவரை யாரும் ‘நீங்கள்’ என்றதில்லை. ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் பேசும்போது பார்ப்பதுபோல அது என்னைப் பார்த்தது என்றாள்.

உங்கள் கடிதத்தில் ‘சாப்பிட்டீங்களா’வுக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். மாதா வந்து கேட்கிற கேள்வியா இது என்ற நக்கல். எனக்கோ மொத்தக் கடிதத்தில் நிஜமாக இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். மூன்று பதிவுகளையும் அழித்துவிடுங்கள். பங்குச்சாமியாரிடம் அம்மா பேசியது பேசியதாக இருக்கட்டும், அவர் பார்க்காத பிள்ளைகளா? ஒன்றை மட்டும் யோசித்து எனக்கு எழுதுங்கள். அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வந்தபோது மணி எட்டரை. அவள் சாப்பிட்டிருந்தாளா?