லாரி இடித்ததும் கேமராவில் இருக்கிறது, என் ஸ்பீடும் இருக்கிறது

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்கு வேலைக்காக பைக்கில் போய் வருகிறேன். ஹேண்டில்பாரில் சின்ன கேமரா மாட்டியிருக்கிறேன். போன மாதம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு லாரியை இடப்பக்கமாக முந்தும்போது, அது இண்டிகேட்டர் போடாமல் என் பக்கம் ஒதுங்கி இடித்துவிட்டது. கை எலும்பு முறிந்தது. எல்லாம் வீடியோவில் இருக்கிறது, கூடவே என் ஸ்பீடாமீட்டரும் 80-ஐக் காட்டுகிறது. ‘கேமரா மாட்டியதே குற்றம், வீடியோ செல்லாது’ என்கிறது லாரித் தரப்பு. ஸ்டேஷனில் மெமரி கார்டைக் கேட்கிறார்கள். ஸ்பீடு தெரியும் இடத்தை வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா?

பதில்: வெட்டாதீர்கள் தம்பி. முதலில் கார்டைக் கேமராவிலிருந்து கழற்றி வையுங்கள். இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் கார்டு நிறைந்ததும் பழைய காட்சியின் மேலேயே புதியதை எழுதும். நாலு நாள் வண்டி ஓட்டினால் உங்கள் வழக்கே அழிந்துபோகும்.

லாரித் தரப்பு சொல்வது வெறும் மிரட்டல். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுப்பது ஆர்.சி.யில் உள்ள விவரமே மாறும் அளவுக்கு வண்டியை மாற்றுவதைத்தான், கிளாம்ப் போட்டுக் கேமரா மாட்டுவதை அல்ல. ஹெல்மெட்டில் மாட்டியிருந்தால் பேச்சு வேறு, கேரளாவில் அதற்கு அபராதமே போட ஆரம்பித்தார்கள். ஒரு பேச்சுக்கு மாட்டியது தவறு என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் சாட்சியம் கிடைத்த வழி சரியில்லை என்பதற்காக மட்டும் கோர்ட் அதை ஒதுக்காது, 1972-லேயே மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்.

ஆனால் ஃபார்மாலிட்டி உண்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதில் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு. காப்பியைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொன்றை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும், ஃபைலின் ஹேஷ் எண்ணையும் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி) எழுத வேண்டும். ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச வீடியோவையும் சந்தேகத்துக்கு இழுப்பார். அதோடு சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.

ஸ்டேஷனில் கார்டைக் கொடுங்கள், ஆனால் அதற்கு முன் ஃபைலை அப்படியே லேப்டாப்பில் காப்பி எடுத்து வையுங்கள், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள், ஒப்புகை வாங்காமல் கையை விட்டுப் போகக்கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைக் காப்பி என்று நம்பாதீர்கள், அது அளவைக் குறைத்துவிடும்.

சரி, ஸ்பீடு? மறைக்க முடியாது. இறக்கத்தில் 80-ல் இடப்பக்கம் ஏறியது உங்கள் தப்புதான். இழப்பீட்டில் உங்கள் தப்பின் பங்குக்குக் குறிப்பிட்ட சதவீதம் கழிப்பார்கள், அதற்காக லாரிக்காரர் பொறுப்பு போய்விடாது. போலீஸ் உங்கள் மேலும் வேகமாக ஓட்டியதற்கு வழக்குப் போட வாய்ப்பு உண்டு, அதனால் வாக்குமூலம் கொடுக்கும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவு. குடியிருப்பது பாலக்கோடு என்பதால் தருமபுரியிலேயே போடலாம். அப்புறம் கேமராவில் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். பேட்டரி தீர்ந்தால் சில கேமராக்களில் பழைய வருஷத்துக்குப் போய்விடும். அப்படி இருந்தால் திருத்தாமல் உங்கள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.